பதிமூணாம் நம்பர் ஸ்பேனரும் ஸ்பிங்க்ஸ் 8.2-ம்

போன மாசம் ஒரு வேலையா நாமக்கல் போயிருந்தேன். கூட வந்தவரோட வண்டி பட்டறையில நின்னதால, திருச்சி ரோட்டுல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்க வேண்டியதாப் போச்சு. (லாரியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்னாடி எழுதியிருக்கற வாசகங்க மட்டும்தான்.) பட்டறைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். ஒரு பழைய வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே பேசுனார்.

"இந்த வண்டிக்கு பதிமூணு, பதினாலு ஸ்பேனர் இருந்தாப் போதுங்க தம்பி, பாதி வேலை முடிஞ்சிரும். நடுராத்திரி தொப்பூர் கணவாய்ல நின்னாக்கூட டிரைவரே எதையாச்சும் பண்ணி சேலம் வரைக்கும் கொண்டாந்து சேத்துப்புடுவார். அதோ அங்க நிக்குது பாருங்க, பிஎஸ் ஆறு. அதுக்கு மொதல்ல ஸ்கேனரை மாட்டோணும். ஸ்கேனர் இல்லீன்னா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"அப்ப பழைய வண்டிதான் நல்லதுங்களா?"ன்னு கேட்டேன்.

"அப்படிச் சொல்லலீங்க. புகை கம்மியாகோணும்னு சட்டமே போட்டுத்தான் மாத்துனாங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்குது. ஸ்கேனர் வாங்கிக்கறேன், கத்துக்கறேன். ஆனா காரணமே இல்லாம சில பேரு நட்டு சைஸை மட்டும் மாத்தி வெப்பாங்க பாருங்க, அதுதான் கடுப்பு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, காரணமே இல்லாம நட்டு சைஸை மாத்தி வெச்ச ஆள் நான்தான்.

விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் பொட்டி தட்டற விஷயம், ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரிதான் சொல்லப்போறேன், ஓடிறாதீங்க :-)

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வெச்சிருக்கோம். லாரி டிரிப் கணக்கு எழுதறதுக்கு. வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், டிரைவர் பேட்டா, லோடு ஏத்து எறக்குக் கூலி, கடைசியா கையில எவ்ளோ மிச்சம். அவ்ளோதான். பேர் சொல்ற அளவுக்குப் பெரிசு ஒண்ணும் இல்லை. ஆனா அதோட கையேடு எங்களுக்கு ரொம்பப் பெருமை. முழுக்கத் தமிழ்ல எழுதினது. ஆபீஸ்ல உக்காந்திருக்கற பெரியவங்க அச்சுல வேணும்னு கேப்பாங்கங்கறதால பிடிஎஃப்பும் உண்டு.

இந்தக் கையேட்டை வேர்டு ஃபைல்ல எழுதலை. ஓப்பன் சோர்ஸ்காரங்க பெரும்பாலும் அப்படி எழுதமாட்டாங்க. சாதாரண எழுத்துக் கோப்பா எழுதி வெச்சுட்டு, ஒரு கருவியை விட்டு அதை வலைப்பக்கமாவும் பிடிஎஃப்பாவும் மாத்திக்குவாங்க. மாவு ஒண்ணுதான், இட்லியும் சுட்டுக்கலாம் தோசையும் சுட்டுக்கலாம். இதைத்தான் பில்டு பண்றதுன்னு சொல்றது. நாங்க உபயோகிக்கற கருவி பேரு ஸ்பிங்க்ஸ். ஜார்ஜ் பிராண்டல்ங்கறவர் பைத்தான் மொழியோட ஆவணங்களுக்காக எழுதி 2008-ல வெளியிட்டது. இன்னைக்கு பைத்தான் மட்டுமில்லை, லினக்ஸ் கெர்னலோட ஆவணங்களே இதுலதான் தயாராகுது.

இந்தக் கருவிக்கு பதிப்பு எண் உண்டு. 1.8, 3.4, 5.3, 8.2-ன்னு ஏறிக்கிட்டே போகும். கையேட்டு அமைப்புக் கோப்புல, "எங்க கையேட்டைச் சுட குறைஞ்சது இந்தப் பதிப்பு வேணும்"னு ஒரு வரி எழுதலாம். அதுக்குக் கீழ இருந்தா கருவி வேலை செய்ய மாட்டேன்னு சொல்லி நின்னுரும். 2010-ல இருந்தே இந்த வசதி இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் புது லேப்டாப்ல எல்லாத்தையும் நிறுவினேன். ஸ்பிங்க்ஸ் 8.2 வந்துச்சு. கையேடு அருமையா வந்துச்சு. உடனே அந்த வரியில 8.2-ன்னு அடிச்சேன். நிறுவற பட்டியல்லயும் 8.2-ன்னு அடிச்சேன். ஏன்? என்கிட்ட அதுதான் இருந்துச்சு. வேற ஒரு காரணமும் கிடையாது. 8.2-ல இருக்கற ஒரு புது வசதியைக்கூட நான் தொடலை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மின்னஞ்சல். குமாரபாளையம் பக்கத்துல இருந்து, காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு.

"அண்ணா வணக்கம். உங்க கையேட்டை போன்ல படிச்சேன். எங்கப்பா லாரி டிரைவர். பேட்டா கணக்குல ஒரு தப்பு இருக்குதுங்க. நீங்க கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு எழுதியிருக்கீங்க. எங்கப்பாவுக்கு டிரிப்புக்குத்தான் வரும். திருத்தி அனுப்பலாம்னு பாத்தேன். உங்க கணினியில பில்டு பண்ணிப் பாத்துட்டு அனுப்புங்கன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு நாளா முயற்சி பண்றேன், கேட்ட பதிப்பு கிடைக்கலைன்னே வருது. பழைய லேப்டாப்புக்கு இது ஆகாதுங்களா அண்ணா?"

கடைசி வரியை நான் நாலஞ்சு தடவை படிச்சேன்.

என்ன லேப்டாப்புன்னு கேட்டேன். அவங்க பெரியப்பா பையன் பன்னெண்டாவது படிச்சப்ப அரசாங்கம் குடுத்தது. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்களே, அந்தத் திட்டத்துல வந்த லேப்டாப். பேட்டரி போயிருச்சு, சார்ஜர் மாட்டினாத்தான் ஓடும். உள்ள விண்டோஸ் 7.

இப்ப இந்தச் சங்கிலியைப் பாருங்க. விண்டோஸ் 7-ல ஓடற கடைசி பைத்தான் 3.8. அடுத்த 3.9-ல இருந்து விண்டோஸ் 7-ஐ விட்டுட்டாங்க. பைத்தான் 3.8-ல ஓடற கடைசி ஸ்பிங்க்ஸ் 7.1.2. அடுத்த 7.2-க்கு பைத்தான் 3.9 வேணும். நான் போட்ட 8.2-க்கு பைத்தான் 3.11 வேணும். அந்தப் பொண்ணு ரெண்டு நாள் இல்லை, ரெண்டு வருஷம் முயற்சி பண்ணியிருந்தாலும் அந்த லேப்டாப்ல அது வந்திருக்காது. இதுல கொடுமை என்னன்னா, "உங்க பைத்தான் பழசு, அதனாலதான்"னு நேராச் சொல்லியிருந்தா அவ புரிஞ்சிட்டிருப்பா. அவ கண்ணுல பட்டதென்னமோ "கிடைக்கலை"ங்கற அந்த ஒரு வரிதான். தன் மேலதான் தப்பு போலன்னு நினைச்சிட்டா.

பழைய லேப்டாப்பை விடுங்க. உபுண்டு 22.04-ஐ எடுத்துக்கங்க. 2022 ஏப்ரல்ல வந்தது, 2027 வரைக்கும் ஆதரவு உண்டு. எத்தனையோ காலேஜ் லேப்ல அதுதான் ஓடிட்டிருக்கு. அதுல கூடவே வர்ற பைத்தான் 3.10, ஸ்பிங்க்ஸ் 4.3.2. அதாவது நான் போட்ட ஒரு வரி, ஆதரவு முடியாத ஒரு லினக்ஸையே வெளிய தள்ளிருச்சு. எனக்குத் தெரியவே தெரியாது.

லாரி கணக்குல எது தப்புன்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தப் பொண்ணு. நாங்க நாலு பேரும் பொட்டி தட்டறவங்க. எங்கள்ல ஒருத்தனும் பேட்டா வாங்கினதில்லை. யார் உள்ள வரணுமோ அவங்களுக்குத்தான் நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

மக்களே, இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன? தமிழ்ல வலைப்பதிய ஆரம்பிச்ச காலத்தை நினைச்சுப் பாருங்க. விண்டோஸ் 98 வெச்சிருந்தவங்களுக்கு யூனிகோடு தமிழ் பெட்டி பெட்டியாத் தெரியும். விண்டோஸ் 2000-லதான் தமிழுக்கு ஆதரவு வந்துச்சு, லதா எழுத்துருவோட. எக்ஸ்பி வெச்சிருந்தாலும் மொழி அமைப்புல போய் ஒரு டிக் போடணும், போட்டா சிடியைக் கேக்கும். சிடி எங்க இருக்கு? பிரவுசிங் சென்டர் ஓனர்கிட்ட. அவர் எங்க? சாப்பிடப் போயிருக்கார்! அந்தக் காலத்துல நம்மாளுங்க என்ன பண்ணுனாங்க? "விண்டோஸ் 98-ஆ? போய் வேற கணினி வாங்கு"ன்னு சொல்லலை. டைனமிக் எழுத்துருவைப் பதிவோட வார்ப்புருவுல சேத்து வெச்சு, 98-லயும் தெரியற மாதிரி பண்ணுனாங்க. அப்படித்தான் நான் தமிழ்ல முதல் பதிவையே படிச்சேன். அன்னைக்கு எனக்குக் கதவு திறந்து விட்டாங்க. இன்னைக்கு நான் சாத்தறேன். நல்லா இருக்கு நியாயம்.

சரி, அப்ப எப்பவும் பழசைக் கட்டிக்கிட்டே அழணுமா? இல்லைங்க. பட்டறைக்காரர் சொன்னதுதான்: காரணம் இருந்தா மாத்து. பெரிய இடத்துல எப்படிப் பண்றாங்கன்னு தேடிப் பார்த்தேன். லினக்ஸ் கெர்னலை எடுத்துக்குவோம். 2016-ல வந்த 4.8 பதிப்புல அவங்க ஆவணங்களை ஸ்பிங்க்ஸுக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம் குறைந்தபட்ச பதிப்பை ஏத்திக்கிட்டேதான் வந்திருக்காங்க. ஆனா எப்படி ஏத்துனாங்கங்கறதுதான் விஷயம்.

2024 மார்ச்ல வந்த 6.8-ல குறைந்தபட்சம் 2.4.4-ன்னு ஆக்குனாங்க. அப்ப வெளிய கிடைச்ச புது ஸ்பிங்க்ஸ் 7.2. அவங்க கேட்டது நாலு வருஷப் பழசு. அதுவும் திடீர்னு கேக்கலை. 2023 பிப்ரவரியில வந்த 6.2-லயே "பழைய பதிப்புக்கு ஆதரவு போகப்போகுது"ன்னு எச்சரிக்கை வர ஆரம்பிச்சிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல அவகாசம். அடுத்து 2025-ல 3.4.3-க்கு ஏத்துனாங்க. இந்த 3.4.3 எங்க இருக்குன்னு பார்த்தா, 2021-ல வந்த டெபியன் 11-ல கூடவே வர்ற அதே எண்.

காரணமும் இருக்கு. 2020-ல வந்த ஸ்பிங்க்ஸ் 3.0-ல சி மொழிக்கான பகுதியையே புதுசா எழுதிட்டாங்க. கெர்னல் பெரும்பாலும் சி மொழி. அதனால 3-க்கு முந்தினது ஒரு மாதிரி, பிந்தினது ஒரு மாதிரின்னு ரெண்டுக்கும் தனித்தனியா நிரல் எழுதி வெச்சுப் பராமரிக்க வேண்டியிருந்துச்சு. பழசை விட்டா அந்தச் சுமை போகும். பராமரிக்கறவனும் மனுஷன்தானே. அவன் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. இது நியாயமான காரணம். ஆக, பட்டறைக்காரர் சொன்ன ஸ்கேனர் கதை. என்னுது நட்டு சைஸ் கதை.

இதைப் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. நாம மூணு எண்களைப் போட்டுக் குழப்பிக்கறோம்.

முதல் எண்: நான் என் கணினியில உபயோகிக்கற பதிப்பு. இது என் சொந்த விஷயம். எது வேணா இருக்கலாம்.

ரெண்டாவது எண்: வெளியிடற பிடிஎஃப்பும் வலைப்பக்கமும் எந்தப் பதிப்புல தயாராகுதுங்கறது. இதைப் பூட்டி வெக்கலாம். பூட்டித்தான் வெக்கணும். இல்லைன்னா நேத்து ஒழுங்கா வந்தது இன்னைக்கு வராது.

மூணாவது எண்: குறைந்தபட்சம். இது நாம முன்பின் தெரியாதவங்களுக்குக் குடுக்கற வாக்கு. "உன்கிட்ட இது இருந்தாப் போதும், வா, நான் பாத்துக்கறேன்"னு சொல்றது.

முதல் எண்ணைத் தூக்கி மூணாவது இடத்துல எழுதினதுதான் நான் பண்ணின தப்பு. நிறைய பேர் பண்றோம். நீங்களும் பண்ணியிருப்பீங்க, போய்ப் பாருங்க.

வாக்குன்னு சொன்னதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எண் ரொம்பக் கீழ இருந்தாலும் தப்புதான். சில கையேட்டுல "1.0 போதும்"னு இருக்கும். பத்து வருஷம் முன்னாடி யாரோ எழுதினது, அதுக்கப்புறம் ஒருத்தரும் தொட்டுப் பார்க்கலை. நம்பி வர்றவன் 1.8-ஓட வருவான். பாதி வழியில சம்பந்தமே இல்லாத பிழை ஒண்ணு மூஞ்சியில அடிக்கும். "8.2 வேணும்"னு முன்னாடியே சொல்லித் துரத்தறதை விட இது மோசம். ஊர்ல போர்வெல் போடறவரு "இருநூறு அடியில தண்ணி"ன்னு சொல்லிட்டு எண்ணூறு அடி வரைக்கும் இறக்கிட்டு பில்லு நீட்டற மாதிரி. சோதிச்சுப் பார்க்காத எண்ணை எழுதக் கூடாது.

கீழ் எல்லை மட்டும் போதாதுன்னும் அனுபவப்பட்டவங்க சொல்வாங்க. ஸ்பிங்க்ஸ் தனியா வேலை செய்யறதில்லை. கூட ஜின்ஜா, டாக்யூட்டில்ஸ்னு ஒரு கூட்டமே இருக்கு. 2022 மார்ச்ல ஜின்ஜா 3.1 வந்துச்சு. அதுல பழைய சில வசதிகளை எடுத்துட்டாங்க. அதை நம்பியிருந்த பழைய ஸ்பிங்க்ஸ் எல்லாம் ஒரே நாள்ல படுத்துக்கிச்சு. அதே மாதிரி 2024 ஜனவரியில ஸ்பிங்க்ஸோட துணை எக்ஸ்டென்ஷன்கள் சிலது "எனக்குக் குறைஞ்சது ஸ்பிங்க்ஸ் 5 வேணும்"னு மாறுச்சு. 4-ல இருந்த கையேடுங்க, ஒரு எழுத்துகூட மாத்தாமலே, மறுநாள் காலையில பில்டு ஆகலை. நீங்க குறைந்தபட்சத்தை ஏத்தலைன்னாலும் உங்க பக்கத்து வீட்டுக்காரர் ஏத்திருவார். அதனாலதான் குறைந்தபட்ச எண்ணை எழுதிட்டு விட்டுறாம, அந்தப் பதிப்போட சேர்ந்து ஓடற துணைகளையும் ஒரு பட்டியலா வெச்சு, அப்பப்ப ஓட்டிப் பார்க்கணும்.

இனி எதிர்வாதம். எங்க குழுவுலயே சிங்கப்பூர் நண்பர் கேட்டார்: "என்ன மாப்ள, இதெல்லாம் ஒரு பிரச்சினையா? டாக்கர் போடச் சொல்லு. இல்லைன்னா புது லினக்ஸ் போடச் சொல்லு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட ஆதரவே முடிஞ்சிருச்சு. அதை வெச்சுக்கிட்டு இணையத்துக்கு வர்றதே ஆபத்து."

அவர் சொல்றதுல பாதி சரி. விண்டோஸ் 7 ஆபத்துதான். நானும் அந்தப் பொண்ணுகிட்ட லினக்ஸ் போட்டுக்கம்மான்னு சொன்னேன். "அண்ணா, அதுல பெரியப்பா தறிக் கணக்கெல்லாம் இருக்குதுங்க. கை வெச்சா வீட்டுல கொன்னுபோடுவாங்க"ன்னா. டாக்கர்? விண்டோஸ் 7, பதினாலு வருஷப் பழைய லேப்டாப், போன்ல இருந்து ஹாட்ஸ்பாட். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த ஒரு கண்டெய்னரையே இறக்கணுமா? (நாமக்கல்ல கண்டெய்னர்னா வேற அர்த்தம் :-)) அவ நிலைமையில எது சரி, எது ஆபத்துன்னு எடுத்துச் சொல்லலாம். அது அக்கறை. ஆனா நம்ம கையேட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு எண்ணை வெச்சு அவளை மாறச் சொல்லக் கூடாது. அது அதிகாரம்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பிடிஎஃப். ஸ்பிங்க்ஸ் நேரடியா பிடிஎஃப் போடாது. லேடெக்ஸ் வழியாப் போடும். தமிழ் மொழின்னு சொன்னாலும் இயல்பா அது எடுக்கறது பிடிஎஃப்லேடெக்ஸ் இயந்திரம். அதுக்கு யூனிகோடு தமிழ் ஆகாது. நாமதான் ஸீலேடெக்ஸ்னு மாத்தி, தமிழ் எழுத்துரு குடுத்து, இது தமிழ் வரிவடிவம்னும் சொல்லணும்.

நம்ம எழுத்துக்கு இதெல்லாம் ஏன் வேணும்னா, நாம எழுதற வரிசையும் கண்ணுக்குத் தெரியற வரிசையும் வேற வேற. "கொ"வை எடுத்துக்கங்க. கணினிக்குள்ள க முதல்ல, உயிர்க்குறி அப்புறம். தாள்ல பார்த்தா கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. அந்த வேலையைச் செய்யற அறிவு கருவிக்கு இருக்கணும். நான் சோதனைக்கு வெச்சிருக்கறது நம்ம ஊர்ப் பேருங்கதான்: சேலம், திருச்செங்கோடு, கொல்லிமலை. இந்த மூணும் கொம்பு, கால், ஐகாரம் எல்லாம் இடம் மாறாம வந்துச்சுன்னா மீதியும் வந்துரும். கொல்லிமலை கலைஞ்சு வந்துச்சுன்னா அந்தக் கருவியை நம்பி அச்சுக்குக் குடுக்காதீங்க.

இங்கதான் நிஜமான குறைந்தபட்சம் வருது. லுவாலேடெக்ஸ்ல தமிழ் ஒழுங்கா வரணும்னா ஹார்ஃப்பஸ் உள்ள இருக்கற லுவாடெக் வேணும். அது டெக் லைவ் 2020-ல இருந்துதான் வருது. உபுண்டு 20.04-ல டெக் லைவ் 2019, டெபியன் 10-ல 2018. அங்க எல்லாம் ஆகாது. ஸீடெக் அப்படியில்லை. ஜொனாதன் கியூ 2004-லயே கொண்டு வந்தது, இந்த மாதிரி எழுத்துகளை மனசுல வெச்சே செஞ்சது. பழைய டெக் லைவ்லயும் தமிழ் வரும். ஆக, எந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கறோம்ங்கறதே நம்ம குறைந்தபட்சத்தை ஏத்தும், இறக்கும். "லுவாவா ஸீயா"ன்னு ரசனையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. "கொல்லிமலை எத்தனை பேர் கணினியில சரியா வரும்"னு பாருங்க. எழுத்துக்காக எண்ணை ஏத்தியே ஆகணும்னா, ஏத்துங்க. தமிழ் உடைஞ்சு வர்ற கையேட்டை "எல்லாக் கணினியிலயும் ஓடும்"னு சொல்லிக்கறதுல பெருமை ஒண்ணும் இல்லை.

கடைசியா நாங்க பண்ணினது இது. உங்களுக்கும் உதவலாம்.

1. வலைப்பக்கத்துக்கு ஒரு குறைந்தபட்சம், பிடிஎஃப்புக்கு ஒரு குறைந்தபட்சம்னு பிரிச்சோம். திருத்தி அனுப்பறவங்க பிடிஎஃப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அது எங்க வேலை.

2. வலைப்பக்கத்துக்கு ஸ்பிங்க்ஸ் 4.3.2. ஏன்னா உபுண்டு 22.04-ல அதுதான் வருது, எங்கள்ல ரெண்டு பேர்கிட்ட அது இருக்கு. 3.4.3-க்கே இறங்கியிருக்கலாம். ஆனா எங்க யார்கிட்டயும் டெபியன் 11 இல்லை. ஓட்டிப் பார்க்க ஆள் இல்லாத எண்ணை எழுதறதில்லைன்னு முடிவு.

3. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னாடி 4.3.2-லயும், 7.1.2-லயும், அன்னைக்கு இருக்கற புதுசுலயும் ஓட்டிப் பார்க்கறோம். மூணும் தேறினாத்தான் வெளியீடு.

4. எண்ணுக்குப் பக்கத்துலயே தமிழ்ல ஒரு வரி: ஏன் இந்த எண், யார் சோதிச்சது, எப்ப மறுபடி யோசிப்போம். நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் ஞாயித்துக்கிழமை சும்மா ஏத்தாம இருக்க.

5. ஏத்தணும்னா, ஒரு வெளியீடு முன்னாடியே சொல்லணும். கெர்னல்காரங்க ஒரு வருஷம் குடுக்கறாங்க. நாங்க ஆறு மாசமாச்சும் குடுப்போம்.

6. இதுதான் முக்கியம். கீழ பெரிய எழுத்துல: "பில்டு ஆகலைன்னாலும் பரவாயில்லை. திருத்தத்தை மட்டும் அனுப்புங்க." இதை முதல் நாளே எழுதியிருந்தா, இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

இறக்கினப்புறம் என்ன உடைஞ்சதுன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமே உடையலை. 8.2-ல வந்த கையேடும் 4.3.2-ல வந்த கையேடும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். அடிக்குறிப்போட இடைவெளி கொஞ்சம் வித்தியாசம். அவ்ளோதான். அந்த இடைவெளிக்காகத்தான் ஒரு ஆளை வெளிய நிறுத்தி வெச்சிருந்தேன்.

போன வாரம் அந்தப் பொண்ணோட திருத்தம் வந்து சேர்ந்துச்சு. பேட்டா பகுதியை முழுசா மாத்தி எழுதியிருக்கா. டிரிப்புக்குன்னா எப்படி, வாடகையில பங்குன்னா எப்படி, லோடு இல்லாம திரும்பி வந்தா எப்படின்னு மூணு மாதிரி. ஒவ்வொண்ணையும் அவங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டினாளாம். மூணாவது மாதிரியை மட்டும் அவர் ரெண்டு தடவை படிக்கச் சொல்லிட்டு, "இதை எங்க ஓனர் படிக்கோணும்"னாராம்.

நாலு பேருக்கும் அதைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது, மென்பொருள்லயே அந்த மூணாவது கணக்குக்கு இடம் இல்லைன்னு. இப்ப அதைச் செஞ்சிட்டிருக்கோம்.

உங்க கையேடு, உங்க நிரல், உங்க வார்ப்புரு எதுலயாச்சும் இந்த மாதிரி ஒரு எண் இருக்கும். போய்ப் பாருங்க. "ஏன் இந்த எண்?"னு உங்களையே கேளுங்க. பதில் "என்கிட்ட அதுதான் இருந்துச்சு"ன்னா, இறக்கிப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: பட்டறைக்காரர்கிட்ட இந்தப் பதிவைப் பத்திச் சொன்னேன். "ஸ்பிங்க்ஸ்னா என்னங்க தம்பி?"ன்னார். "ஸ்பேனர் மாதிரிங்க"ன்னேன். "எத்தனாம் நம்பரு?"ன்னு கேட்டார். அதாங்க பிரச்சினையே!